ரைட் கார்னர் ஹேமாவதியும் வாசனை இல்லாத பவுடரும்

பருத்திப்பட்டு ஏரியை ஒட்டிய அந்தத் தெருவில் எந்த வீட்டில் என்ன குழம்பு என்பது மற்ற எல்லா வீட்டுக்கும் தெரியும். அப்படிப்பட்ட தெருவிலேயே ஹேமாவதியின் குரல் எப்படி இருக்கும் என்று சரியாகத் தெரிந்தவர்கள் நாலைந்து பேர்தான். அந்தப் பெண்ணுக்கு மார்க்கெட்டிங்கில் வேலை என்று அவள் அம்மா சித்ரா தண்ணீர் கேன் வண்டி அருகே நின்று அறிவித்தபோது, கேன் போடுகிறவர் வண்டியையே ஆஃப் செய்துவிட்டார்.

"மார்க்கெட்டிங்கா? அதுல வாய் தொறந்து பேசணுமேம்மா!"

"ஏன், எம் பொண்ணு இன்னா ஊமையா?"

"ஊமன்னு யாருமா சொன்னா? நாலு வருசமா கேன் போடுறேன். ஒரு நாளாவது 'அண்ணே, மூடி லூசா கீது'ன்னு சொல்லிக்கீதா? தண்ணி ஒழுகினாலும் அப்டியே தூக்கிகினு போவும்."

சித்ரா கேனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கிடைத்திருப்பது வேலை இல்லை, வேலைக்கான பதினைந்து நாள் பரீட்சை என்ற சின்ன விவரத்தை அவள் சொல்லவில்லை. தெரு அதை மறுநாள் சாயங்காலத்துக்குள் தானாகவே கண்டுபிடித்துக்கொண்டது.

ஹேமாவதி எட்டாம் வகுப்பிலிருந்து கபடி ஆடுகிறவள். வலது மூலையில் நின்று, பாடி வருகிறவரின் காலைப் பிடிக்கிற ரைட் கார்னர். பூந்தமல்லிப் பக்கத்துக் கல்லூரியில் பி.பி.ஏ. சீட்டும் கபடி வாங்கிக்கொடுத்ததுதான். படித்து முடித்ததும் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் என்று சித்ரா முடிவு கட்டி வைத்திருந்தாள். ஆனால் அளந்து பார்த்ததில் உயரம் இரண்டு சென்டிமீட்டர் குறைந்தது. பெண்ணை ஆறு மாதம் தினமும் காலையில் இரும்புக் கம்பியில் தொங்கவிட்டுப் பார்த்தாள். கை நீண்டது போலிருந்ததே தவிர ஆள் நீளவில்லை. போலீஸ் கதவு சாத்திய பிறகு, திறந்திருந்த ஒரே கதவு அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்த 'மின்மினி கெமிக்கல்ஸ்' கதவு. ஓட்டல்களுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் பாத்திரம் தேய்க்கும் பவுடர் தயாரிக்கிற கம்பெனி.

அந்தக் கதவைத் திறந்தவர் மார்க்கெட்டிங் மேனேஜர் வெங்கட். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்குக் கம்பெனி செலவில் ஷீல்டு கொடுத்ததால் சிறப்பு விருந்தினராக வந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு பேர் இருக்கிற அறையில் பத்து விநாடி அமைதி நிலவினால், ஏதோ குழாய் உடைந்தது போலப் பதறிப்போய்ப் பேச ஆரம்பித்துவிடுகிற மனிதர். கபடி பற்றி அவருக்குத் தெரிந்தது, அதில் 'கபடி கபடி' என்று சொல்வார்கள் என்பது மட்டும். கடைசி நிமிஷத்தில் எதிரணியின் உயரமான பெண் ஒருத்தி பாடிக்கொண்டு வந்து காலை நீட்ட, ஹேமாவதி பாய்ந்து கணுக்காலைப் பிடித்தாள். அந்தப் பெண் நடுக்கோடு வரை இவளை மண்ணில் இழுத்துக்கொண்டே போனாள். பிடி விடவில்லை. கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் விசில் ஊதி, அந்தப் பெண் அவுட் என்றார்கள்.

வெங்கட் மைக்கைப் பிடுங்கினார். "இந்த ஸ்பிரிட்! இதுதாங்க மார்க்கெட்டிங்!" என்றார். அதன்பின் இருபது நிமிஷம் மைக்கைத் திருப்பித் தரவில்லை.

நேர்முகத்துக்குப் போனபோது ஹேமாவதி முழு நேரமும் அவருடைய ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கார்னரில் நிற்கிறவர்களின் பழக்கம் அது. பாடி வருகிறவர் முகத்தாலும் கையாலும் ஆயிரம் பொய் சொல்வார், கால் மட்டும் எங்கே போகப்போகிறது என்பதை முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும். வெங்கட்டுக்கு இது தெரியாது. சாயங்காலம் போகிற வழியில் முதல் வேலையாக ஷூ பாலிஷ் டப்பா வாங்கினார்.

நிபந்தனை எளிமையானது. பதினைந்து நாளில் மாதம் முப்பது கிலோவுக்குக் குறையாமல் பவுடர் வாங்குகிற ஒரு பெரிய சமையற்கட்டைப் பிடித்துவிட்டால், மே மாதம் படிப்பு முடிந்ததும் நிரந்தர வேலை. பிடிக்காவிட்டால் ஒரு சான்றிதழ், கைகுலுக்கல், ஒரு காபி. கையில் ஒரு பக்க வசனம் கொடுத்தார்கள். 'வணக்கம் சார், நாங்கள் மின்மினி கெமிக்கல்ஸிலிருந்து வருகிறோம்' என்று தொடங்கி, எலுமிச்சையின் இயற்கைச் சக்தி வழியாக, 'உங்கள் பொன்னான ஆதரவை' என்று முடிகிற வசனம். ஒரே ராத்திரியில் மனப்பாடம் செய்துவிட்டாள்.

முதல் இடம் சென்னீர்குப்பத்தில் எத்திராஜின் மெஸ். ஹேமாவதி வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள். எதிராளியின் களத்துக்குள் தனியாக நுழைவது அவளுக்குப் பழக்கமே இல்லை. அது ரைடர்கள் செய்கிற வேலை. அவள் எட்டு வருஷமாகத் தன் பக்கத்து மூலையில் நின்றவள். சரி, ரைடு என்றால் ரைடு என்று முடிவுசெய்தாள். ரைடு எப்படிப் போவது என்பதை எத்தனை முறை பார்த்திருக்கிறாள்! வாசற்படியில் ஒரு பெருமூச்சு இழுத்தாள். உள்ளே பாய்ந்தாள். ஒரு பக்க வசனத்தையும் ஒரே மூச்சில் கொட்டினாள். சாம்பிள் பாக்கெட்டை வைக்கிற சாக்கில் கல்லாவை ஒரு தட்டு தட்டினாள். திரும்பி, ஒரே ஓட்டமாக பஸ் ஸ்டாப்புக்கு வந்து நின்று மூச்சு வாங்கினாள்.

எத்திராஜ் கரண்டியும் கையுமாக நின்றார்.

"இன்னா நைனா அது?" என்றார், தோசைக்காக உட்கார்ந்திருந்தவரிடம். "எதுனா எடுத்துகினு பூட்ச்சா பாரு. எம் போன் கீதா?"

"போன் கீது அண்ணாத்தே. இன்னாவோ பாக்கெட்டு வெச்சிட்டு பூட்ச்சு."

"வெடிக்காதுல்ல?"

பாக்கெட்டில் அச்சடித்திருந்த நம்பருக்கு சாயங்காலமே போன் போனது. "சார், உங்க கம்பெனிலேர்ந்து ஒரு பொண்ணு வந்து என்னத் திட்டிட்டு ஓடிச்சு சார். இன்னா திட்டுச்சுன்னு ஒண்ணும் புரியல. நான் இன்னா சார் தப்பு பண்ணேன்?"

வெங்கட் ஹேமாவதியைக் கூப்பிட்டு நாற்பது நிமிஷம் அறிவுரை சொன்னார். நிறுத்தி நிதானமாகப் பேச வேண்டும், புன்னகை வேண்டும், முகத்தைப் பார்க்க வேண்டும். அவள் தலையாட்டினாள். அடுத்த நாட்களில் வானகரத்துக் கல்யாண மண்டபங்களில் நிறுத்தி நிதானமாகப் பேசினாள், முகத்தைப் பார்த்தாள். யாருடைய முகத்திலிருந்தும் ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை. எல்லோரும் 'சொல்றோம்மா' என்றார்கள். யாரும் சொல்லவில்லை. எட்டு நாள் போனது, எட்டு கிராம் பவுடர்கூடப் போகவில்லை. 'ஹேமா இன்னா டார்கெட்டு முடிச்சிட்டாளா?' என்று அக்கறையாக விசாரிக்கிறவர்களுக்காகச் சித்ரா காய் வாங்குகிற நேரத்தையே மாற்றிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் பயிற்சியில் ஹேமாவதி மூன்று முறை பிடியைத் தவறவிட்டாள். அணித் தலைவி கிருஷ்ணப்பிரியா, ரைடர், வாய் கொஞ்சம் நீளம். அவள் விளையாட்டை நிறுத்திவிட்டு இடுப்பில் கை வைத்தாள். விஷயத்தை ஒவ்வொரு சொல்லாகப் பிடுங்கிக் கேட்டுவிட்டு, மண்ணில் உட்கார்ந்து சிரித்தாள்.

"கல்லாவத் தொட்டுட்டு ஓடியாந்தியா? அய்யோ மாமே! பாயின்ட்டு குட்த்தாங்களா?"

"சிரிக்காதடி."

"பின்ன இன்னாடி? உன்ன யாரு ரைடு போவ சொன்னது? நீ கார்னரு. கார்னரு எங்கனா பாட்டுப் பாடுமா? போ, போய் ஒரு மூலைல நில்லு. அவங்களே வந்து காலு நீட்டுவாங்க. இல்லனாலும் உனுக்கு வேற இன்னாதான் தெரியும்?"

கடைசி வாக்கியம் கிண்டல்தான். ஹேமாவதி அதை அப்படியே எடுத்துக்கொண்டாள்.

ஒன்பதாம் நாள் காலை அவள் போய் நின்றது பூந்தமல்லியில் அன்வர் பாஷாவின் பிரியாணிக் கடை. அந்த வட்டாரத்தில் பாஷா எந்தக் கடையில் மட்டன் எடுக்கிறாரோ அங்கேதான் மற்ற பிரியாணிக்காரர்களும் எடுப்பார்கள். அதனால் அவரைப் பிடிக்க வராத கம்பெனி இல்லை. வந்து வெற்றியோடு போன கம்பெனியும் இல்லை. ஹேமாவதி கல்லா முன் நின்று இவ்வளவுதான் சொன்னாள்:

"பாய், பாத்திரம் தேய்க்கிற பவுடர் கொண்டாந்துகிறேன். நீங்க எப்ப கேக்குறீங்களோ அப்ப சொல்றேன்."

பின்வாசல் பக்கம் கிடந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

பாஷா முதல் ஒரு மணி நேரம் சிரித்தார். இரண்டாவது மணி நேரம் முறைத்தார். மூன்றாவது மணி நேரத்தில் கூட்டத்தில் பொட்டலம் கட்டிக்கொண்டே திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா, ஒண்ணும் பேச மாட்டேன்றியே?"

"நீங்க ஒண்ணும் கேக்கலியே பாய்."

மறுநாளும் வந்து உட்கார்ந்தாள். பாஷாவுக்குச் சந்தேகம் வந்தது. அவர் மகன் பாசித்துக்குப் பெண் பார்க்க ஆரம்பித்திருந்த நேரம். சம்பந்தி வீட்டார் கடையில் சுத்தம் எப்படி, வியாபாரம் எப்படி என்று பார்க்க ஆள் அனுப்பியிருப்பார்களோ? இல்லை, சுகாதாரத் துறையோ? எதற்கும் இருக்கட்டும் என்று பையன்களை அழைத்து மேஜைகளை இரண்டு முறை துடைக்கச் சொன்னார். தன் சட்டையையும் மாற்றிக்கொண்டு வந்தார். மனைவி அஷ்ரஃபுக்குப் போன் போட்டு, "இல்ல அஷ்ரஃப், பவுடர் பொண்ணுதான்னு சொல்லுது, ஆனா பவுடரப் பத்தி ஒரு வார்த்த பேச மாட்டேன்னுது, எனுக்கு டவுட்டா கீது" என்று கிசுகிசுத்தார்.

ஹேமாவதி இதையெல்லாம் கவனிக்கவில்லை. அவள் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாஸ்டரின் கால், பரிமாறுகிற பையன்களின் கால், பாஷாவின் கட்டைவிரல் தேய்ந்த செருப்பு. இவற்றுக்கெல்லாம் அப்பால், பின்கட்டில், தேக்சாக்கள் குவிந்து கிடந்த இடத்தில் ஒரு ஜோடிக் கால். ஆள் இறங்கி உட்காரலாம் போன்ற அந்தப் பெரிய பிரியாணிப் பாத்திரங்களைப் பதினாலு வருஷமாகத் தேய்க்கிற கன்னியம்மாளின் கால்கள். அவை ஒரு நிமிஷம்கூட ஒழுங்காக ஊன்றவில்லை. வலதைத் தூக்கி இடதின்மேல் தேய்ப்பதும், இடதைத் தூக்கி வலதின்மேல் தேய்ப்பதுமாக இருந்தன. விரலிடுக்குகள் வெளுத்து ஊறி, வெடித்திருந்தன.

மூன்றாம் நாள் ஹேமாவதி ஸ்டூலை விட்டு எழுந்து பின்கட்டுக்குப் போனாள்.

"அக்கா, காலு எரியுதா?"

கன்னியம்மாள் தேய்ப்பதை நிறுத்தாமல் நிமிர்ந்தாள். "நீதான் அந்தப் பேசாத பவுடரா? எரியாம இன்னா பண்ணும்? இந்தப் பவுடரு சோடாத் தண்ணி சேத்துப்புண்ணுல பட்டா உசுரு பூடும். வர்றவன்லாம் முன்னாடி நின்னு பாயிகிட்ட பளபள பளபளன்றான். பாயா தேய்க்கிறாரு? ஒருத்தனாவது என்னாண்ட வந்தானா?"

ஹேமாவதி பையிலிருந்து ஐந்து கிலோ சாம்பிளை எடுத்து வைத்தாள். "இதுல சோடா கம்மிக்கா. போட்டுப் பாருங்க. எரிஞ்சா தூக்கிக் கடாசிடுங்க."

கன்னியம்மாள் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பேச வருதே உனுக்கு," என்றாள்.

பதினாலாம் நாள் மத்தியானம், கூட்டம் ஓய்ந்த நேரத்தில் பாஷா கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலுக்கு எதிரே வந்து நின்றார்.

"தேக்சாலாம் உன் பவுடர்லதான் தேய்க்குறாளாமே கன்னியம்மா? கருகுன அடிகூட சீக்கிரம் பேந்துகினு வருதுன்றா. கிலோ எவ்ளோமா?"

இது காலை நீட்டுவது. ஹேமாவதி விலையைச் சொன்னாள், மாதக் கணக்கைச் சொன்னாள், எந்த நாளில் வண்டி வரும் என்பதைச் சொன்னாள். மூன்றே வாக்கியம், மூன்றும் கணுக்காலில் விழுந்த பிடி. பாஷா தலையாட்டிக்கொண்டே, கழுவிக் கவிழ்த்திருந்த ஒரு தேக்சாவைப் புரட்டினார். நாலைந்து நாளாக ஜலதோஷத்தில் அடைத்திருந்த மூக்கு அன்றுதான் திறந்திருந்தது. பழக்க தோஷத்தில் தலையை உள்ளே விட்டு மோந்து பார்த்தார். தலை வெளியே வந்தபோது முகம் மாறியிருந்தது.

"இங்க வாம்மா. நீயே மோந்து பாரு."

அவளும் தலையை விட்டாள். எலுமிச்சை. கம்பெனி வசனத்தில் மூன்று இடத்தில் வருகிற அதே இயற்கைச் சக்தி.

"எம் பிரியாணிக்கு புதினா, பட்டை, லவங்கம் வாசம் வரணும். இதுல போட்டா ஆஸ்பத்திரி வராந்தா வாசம்ல வரும்? அம்பது கிலோ அரிசி போடுற தேக்சாமா இது!"

இந்த இடத்தில் வெங்கட்டாக இருந்தால் வாசனையின் நன்மைகள் பற்றி அரை மணி நேரம் பேசியிருப்பார். ஹேமாவதி வலது கையை உயரத் தூக்கினாள். கபடியில் எதிராளியின் கை பட்டுவிட்டால், நடுவர் பார்த்தாரோ இல்லையோ, பட்டவர் தானாகக் கையைத் தூக்கிவிட்டு வெளியேறுவது மரியாதை. அவள் தூக்கிய கையோடு நேராக வாசலைத் தாண்டி, ரோட்டோரத்தில் கிடந்த சிமென்ட் கட்டையில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

பாஷா திகைத்துப் போனார். முப்பது வருஷ வியாபாரத்தில், குறை சொன்னவுடன் ஆமாம் என்று ஒப்புக்கொண்டு எழுந்து போன விற்பனையாளரை அவர் கண்டதில்லை.

"எம்மா! எங்கம்மா போற? இரும்மா! நான் வோணாம்னா சொன்னேன்? இன்னாடா இது, பேரம்கூட பேச மாட்டேன்னுது!"

பின்கட்டிலிருந்து கன்னியம்மாள் ஈரக் கையோடு வந்தாள்.

"வாசம்தான பாய் பிரச்சன? வாசம் இல்லாம குடுக்க சொல்லு. நாலு நாளா எங்காலு எரியல. மறுக்கா அந்த சோடாவக் கொண்டாந்து எறக்கினீன்னா, தேக்சாக்குள்ள நீயே எறங்கித் தேச்சிக்கோ. நான் ஊட்டுக்குப் போறேன்."

பாஷா இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். ஒருத்தி பேசமாட்டாள், ஒருத்தி பேசிவிட்டாள். "சரிமா, சரி! வாசன இல்லாம எடுத்துகினு வா. மாசம் நாப்பது கிலோ. ஆனா நாளைக்குள்ள வரணும். நாளான்னிக்கு கல்யாண ஆர்டரு, ஆறு தேக்சா கீது. இல்லன்னா நான் பழயதையே எறக்கிடுவேன். அப்பால கன்னியம்மா காலுல நான்தான் வுழணும்."

மறுநாள், பதினைந்தாம் நாள், காலை ஒன்பதரைக்கு ஹேமாவதி வெங்கட்டின் அறையில் நின்றாள்.

"சார், நாப்பது கிலோ ஆர்டர். வாசன இல்லாம வேணும்."

சொல்லிவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வாசனை இல்லாமயா?" வெங்கட் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "ஹேமாவதி, நம்ம பாக்கெட்ல என்ன படம் போட்டிருக்கு? எலுமிச்சம்பழம்! அந்தப் பழத்துக்கு டிசைனர்கிட்ட எத்தனை தடவை சண்டை போட்டிருக்கேன் தெரியுமா? நம்ம அடையாளமே அந்த வாசனைதான்மா!"

ஹேமாவதி அவருடைய ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து விநாடி போயிற்று. குழாய் உடைந்தது.

வெங்கட் பேசினார். பிராண்டு என்றால் என்ன, வாசனைக்கும் ஞாபகத்துக்கும் என்ன தொடர்பு, அவருடைய முதல் கம்பெனியில் மல்லிகை வாசனையில் ஃபினாயில் விற்றது எப்படி என்றெல்லாம் பேசினார். அவள் நாற்காலியில் அசையவில்லை. பதினோராவது நிமிஷத்தில் அவருக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போனது. ஆனாலும் வாய் நிற்கவில்லை. "...இப்ப ஒரு பேச்சுக்கு, நீ கேக்கற மாதிரி தரணும்னா, வாசனை கலக்கறதுக்கு முன்னாடியே மிக்சர்லேர்ந்து மூட்டை பிடிக்கணும். செலவும் கொஞ்சம் குறையும். அது ஒண்ணும் முடியாத காரியம் இல்ல, ஆனா..."

"முடியுமா சார்?"

"முடியும், அதாவது டெக்னிக்கலா முடியும், ஆனா..."

"எப்ப புடிக்கலாம் சார்?"

வெங்கட் கதவைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், நாட்காட்டியைப் பார்த்தார். எந்தப் பக்கமும் ஒரு சாண்கூட நகர முடியவில்லை.

"மத்தியானம்," என்றார்.

வாசனையே வேண்டாம் என்கிற வாடிக்கையாளரைத் தானே நேரில் பார்த்தாக வேண்டும் என்று அவரும் மூட்டையோடு காரில் கிளம்பினார். கடைக்குள் நுழைந்ததும் கையை நீட்டியபடி கல்லாவுக்குப் போனார். "வணக்கம் சார், நாங்க மின்மினி கெமிக்கல்ஸ்லேர்ந்து..."

"நீங்க யாரு சார்?" என்றார் பாஷா. "நம்ம பொண்ணு எங்க?"

நம்ம பொண்ணு மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டிருந்தாள். கன்னியம்மாள் ஒரு கைப்பிடி எடுத்து ஒரு தேக்சாவைத் தேய்த்துக் கவிழ்த்தாள். பாஷா வந்து தலையை உள்ளே விட்டார். வெளியே எடுத்தார். சந்தேகத்துக்கு மறுபடியும் விட்டார். மூன்றாவது முறை வெங்கட்டின் தலையையும் விடச் சொன்னார். வெங்கட் இஸ்திரி போட்ட சட்டையோடு தேக்சாவுக்குள் குனிந்து, ஒன்றுமே இல்லாத வாசனையை ஆழ்ந்து மோந்தார்.

"இப்ப சரி," என்றார் பாஷா. "மாசம் நாப்பது. எழுதிக்கோம்மா." பிறகு வெங்கட்டிடம், "சார், சாப்ட்டுத்தான் போணும்," என்றார். பிரியாணி சாப்பிட்ட அந்தக் கால் மணி நேரம் மேனேஜர் ஒரு வார்த்தை பேசவில்லை.

காருக்குத் திரும்பும்போது வெங்கட் ஏப்பத்தை அடக்கிக்கொண்டு சொன்னார்: "திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வந்துடு. மே மாசத்துலேர்ந்து வேலைன்னு ஆர்டர் ரெடியா இருக்கும். எம்.டி. கையால வாங்கிக்கோ. அன்னிக்கு ஒரு சின்ன மீட்டிங் வெச்சிருக்கேன், எல்லாருக்கும் நீ எப்படிப் பிடிச்சேன்னு ஒரு இருபது நிமிஷம் பேசணும்."

"திங்கக்கிழம செமிஃபைனல் சார். செவ்வாக்கிழம வரேன்."

வெங்கட் வாயைத் திறந்தார். எம்.டி. பற்றி, மீட்டிங் பற்றி, வேலை ஆர்டர் வாங்குவதையே தள்ளிப்போடுவது பற்றிச் சொல்ல அவரிடம் நிறைய இருந்தது. ஹேமாவதி காரின் கதவைப் பிடித்தபடி காத்திருந்தாள்.

"எத்தனை மணிக்கு மேட்ச்?" என்று கேட்டார்.